நாலு பேருக்கு ஒரு மேசை

காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குள் போய்ப் பெட்டிகளைக் கொடுத்த பிறகுதான் இவருக்கு விளங்கியது, மகன் எங்களைப் பேய்க்காட்டி ஏமாற்றிவிட்டான் என்று. இவர் என்றால் என் கணவர். எனக்கு அவரை விட ஒரு நிமிடம் முன்னமே விளங்கிவிட்டது.

மகன் நோர்வேயில் வேலை செய்கிறான். அங்கே தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கட்ட விருப்பம் என்று தைப்பொங்கல் முடிந்த கையோடு தொலைபேசியில் சொன்னான். பெண்ணின் தாய் தகப்பன் பருத்தித்துறைப் பக்கம். தகப்பன் சரக்குக் கப்பல்களில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். அவருடைய தகப்பனும் பாட்டனும் பாய்க்கப்பல் ஓட்டிய ஆட்கள். நாங்கள் தெல்லிப்பழையில் வெங்காயமும் புகையிலையும் வைக்கிறவர்கள். கடல் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் ஓட்டம்தான். ஆனால் நாங்கள் அதைத் தேடிப் போவது கீரிமலையில் முழுகத்தான். அங்கேயிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது மீன்தான். சம்பந்தம் வருவதில்லை. ஏன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

இவர் மகனுக்கு "பாப்பம்" என்று சொன்னார். எங்கள் பக்கத்தில் "பாப்பம்" என்றால் கதவைச் சாத்தினது மாதிரி, தாழ்ப்பாள் மட்டும்தான் போடவில்லை. மகன் ஒவ்வொரு கிழமையும் கேட்பான், இவரும் ஒவ்வொரு கிழமையும் "பாப்பம்" என்பார். அப்பாவின் சம்மதம் இல்லாமல் கட்டமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். அந்தப் பெண்ணும் தன் வீட்டுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தாள். எனக்கோ இது நடக்கவேண்டும் என்று ஆசை. மகனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. வீடியோவில் அவள் பின்னால் நடந்து போனால் இவன் கதையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையைக் கண்ட பிறகு நான் வேறு பெண் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள், "அப்பா, ஒரு சின்னக் கப்பல் ஓடுது. நெடுந்தீவு, திருகோணமலை எல்லாம் சுத்திக் காட்டும். நாலு நாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான். இவர் முதலில் வெங்காயத்துக்கு ஆர் தண்ணி விடுறது என்று கேட்டார். பிறகு அந்தக் கதை எப்படியோ ஊருக்குள் பரவி, கோயிலில், சந்தையில், சலூனில் எல்லாம் "கப்பல் ஏறப் போறியளாம்" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இவர் ஏறாமல் விடுவாரா? புதுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினார்.

அன்றைக்குத் துறைமுக வாசலில் அரை ஊர் வந்து எங்களை வழியனுப்பியது. உள்ளே போய்ப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் நிழலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். தொலைபேசியில் படம் பார்த்திருந்தபடியால் எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"உவை ஆர் உதிலை நிக்கிறது?"

"பெட்டையின்ரை தாயும் தகப்பனும்."

"உமக்கு முதலே தெரியுமோ?"

"சத்தியமாத் தெரியாது."

"அப்ப வீட்டை போவம்."

"போங்கோ. வாசலிலை நிக்கிற சனத்துக்கு என்ன சொல்லப் போறியள்? கடலைப் பாத்துப் பயந்திட்டன் எண்டோ?"

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், பிறகு கப்பல் ஏணியில் ஏறினார். அந்த இரண்டு பேருடைய முகத்தைப் பார்த்தால் அவர்களையும் அவர்கள் மகள் பேய்க்காட்டித்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று தெரிந்தது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

கப்பல் என்று நான் மனதில் நினைத்திருந்தது வேறு. இது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெரிய மண்டபத்தை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஏறினவர்கள் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர், எங்களை விட வயதானவர்கள், எல்லாருடைய கழுத்திலும் ஒரு தொலைநோக்கி. கோயில் திருவிழாவுக்கு வந்த சனம் போல எதைக் கண்டாலும் சந்தோசப்பட்டார்கள். ஒரு கடற்காகம் பறந்தால் போதும், ஓடிப்போய் வரிசையாக நிற்பார்கள். எங்கள் அறை சின்னது, ஆனால் வட்டமான ஒரு யன்னல் இருந்தது. கட்டிலில் கிடந்தபடியே கடல் தெரிந்தது. சமைக்க வேண்டியதில்லை, கூட்ட வேண்டியதில்லை, ஆட்டைக் கட்ட வேண்டியதில்லை. கல்யாணம் கட்டின நாளிலிருந்து இப்படி ஒரு காலமை எனக்கு வாய்த்ததில்லை. நான் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு கிடந்து அனுபவித்தேன்.

கரை தள்ளிப் போனது. எங்கள் குடாநாடு முழுவதும் ஒரு பச்சைக் கோடாக வந்துவிட்டது. பழைய சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கம் கொஞ்சம், கீரிமலைக் கோபுரம் கொஞ்சம், மிச்சமெல்லாம் பனை. இவ்வளவுக்குள்ளேதானா நாங்கள் இத்தனை வேலியும் இத்தனை வழக்கும் வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அதை இவரிடம் சொன்னேன். "வேலி இல்லாட்டி ஆடு வெங்காயத்தைத் தின்னும்" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. சாப்பாட்டு அறையில் எங்களுக்கு ஒதுக்கின மேசையில் நாலு கதிரை. பிள்ளைகள் நாலு சீட்டையும் ஒன்றாகப் பதிந்திருந்தபடியால் கப்பல்காரர் எங்களை ஒரு குடும்பம் என்று நினைத்துவிட்டார்கள். பெண்ணின் தாயும் தகப்பனும் முன்னமே வந்து இருந்தார்கள். இவர் கதவடியில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார். நான் பின்னால் ஓடினேன்.

"அந்த மேசையிலை நான் இருக்கமாட்டன்."

"ஏன்?"

"கை நனைச்சால் கதை முடிஞ்சுது."

தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். பெண் பார்க்கப் போகிற வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். சோறு மட்டும் சாப்பிடக்கூடாது. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தத்துக்கு ஓம் என்று சொன்னதாகிவிடும். எத்தனையோ பேர் நல்ல கறிவாசம் மூக்கில் ஏறப் பசியோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

"இது அவையின்ரை வீடில்லை. கப்பல்."

"எந்த இடமெண்டால் என்ன? நாலு பேரும் ஒண்டா இருந்து சாப்பிட்டால் சம்மதமெண்டுதான் அர்த்தம்."

"அப்ப நான் போய்ச் சாப்பிட்டால்?"

கொஞ்சம் யோசித்தார். "நீர் சாப்பிட்டால் கணக்கில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பசி அதைவிடப் பெரிது. நான் போய் அவர்களோடு இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். இவருக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். பெண்ணின் தகப்பன், மெலிந்த, சிரித்த முகமான மனிசன், "முதல் நாள் அப்பிடித்தான் இருக்கும்" என்றார். தாய்க்கு என்னுடைய வயதுதான் இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு, நேராகப் பார்க்கிற கண். இவரோ அறைக்குள்ளே இருந்து, நான் வழிக்கு என்று கொண்டுவந்த பயத்தம் பணியாரத்தையும் கிறீம் கிராக்கர் பிஸ்கற்றையும் தின்றுகொண்டிருந்தார். இரவும் அதேதான்.

அடுத்த நாள் காலமை நெடுந்தீவில் இறங்கினோம். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ரப்பர் படகுகளில் எங்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். எல்லாருக்கும் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி. வேட்டிக்கு மேலே அதைக் கட்டிக்கொண்டு இவர் படகில் இருந்த இருப்பைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். வெள்ளைக்காரர் குதிரைகளைப் பார்க்க வாகனத்தில் போனார்கள், நாங்களும் போனோம். கல்வேலிகளும் புல்வெளியும் குதிரைகளும், பார்க்க அருமையாக இருந்தது. திரும்பி வந்து இறங்குதுறைக்குப் பக்கத்தில் நின்றபோது இவரைக் காணவில்லை. தேடினால், ஒரு கடைக்கு முன்னால் நின்று உழுந்துவடையும் தேத்தண்ணியுமாக ஒரு பிடி பிடித்துக்கொண்டிருக்கிறார். பணியாரத்தில் எவ்வளவு நேரத்துக்குத்தான் மனிசன் உயிர் வாழ்வது?

அன்று மத்தியானம் இவருக்குச் செவ்வாய் விரதம் என்று அந்த மேசையில் சொன்னேன். பெண்ணின் தாய் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, "ஓகோ" என்றாள்.

பின்னேரம் கப்பல் வடக்குக் கரையோடு கிழக்கே போனது. பருத்தித்துறை வெளிச்சவீடு தெரிந்ததும் அவள் எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதுக்கு இங்காலை, அந்தத் தென்னைக்குப் பின்னாலைதான் எங்கடை வீடு" என்று எனக்குக் காட்டினாள். கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்று வளர்த்த வீட்டைக் கடலிலிருந்து இன்றைக்குத்தான் முதல்முதல் பார்க்கிறாளாம். "இவர் வருசக் கணக்காக் கடலிலை நிண்டவர். நான் கரையிலை நிண்டனான். இண்டைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கிறம்" என்றாள். எனக்கு அவளை நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. இவளோடு பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

முனையைத் தாண்டும் வரை கடல் குளம் போலக் கிடந்தது. தாண்டினதும் வங்கக் கடல் தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. கப்பல் முன்னுக்கும் பின்னுக்கும் ஊஞ்சல் ஆடியது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இவர் கட்டிலில் இருந்து எழும்பி, சுவரைப் பிடித்து, வெளியே போய் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். பிறகு அங்கேயே ஒரு நீட்டு மர வாங்கில் சாய்ந்துவிட்டார். முகம் வெளிறிப்போய்விட்டது. கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். நான் போய் அவர்களைத்தான் கூப்பிட்டேன்.

பெண்ணின் தகப்பன் வந்து இவரைப் பிடித்து நிமிர்த்தி இருத்தினார். தாய் என்னைப் பார்த்து, "மத்தியானம் ஒண்டும் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டாள். "வெறும் வயித்திலை கிடந்தால் இன்னும் பிரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் குசினிக்குள் நேராகப் போய்விட்டாள். என்ன மொழியில் கேட்டாளோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் சோற்றைக் கரைத்து, உப்புப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். "அண்ணை, வாயைத் திறவுங்கோ" என்று கரண்டியால் பருக்கினாள். இரண்டு கரண்டிக்குப் பிறகு இவர் கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டார். அடி வரைக்கும் வழித்துக் குடித்தார். நிறம் திரும்பி வந்தது.

அறைக்கு வந்து படுத்த பிறகு நான் சும்மா இருக்கமுடியாமல் சொன்னேன்.

"கை நனைச்சாச்சு."

கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார். "கரண்டியாலைதான் குடிச்சனான்."

விடிய எழும்பினால் கடல் அடங்கிக் கிடந்தது, திருகோணமலை மலைகள் நீலமாக நின்றன. வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். கடல் ஊதியது போல ஒரு தண்ணீர்த் தூண் எழும்பியது, பிறகு கறுத்த முதுகு ஒன்று வந்தது, வந்துகொண்டேயிருந்தது, முடிகிற மாதிரித் தெரியவில்லை. கடைசியில் வால் எழும்பித் தண்ணிக்குள் தாழ்ந்தது. இவர் "ஐயோ முருகா" என்று பக்கத்தில் நின்றவரின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் பெண்ணின் தகப்பன். அவரும் அந்தக் கையை விடவில்லை. இரண்டு கிழவர்களும் கை கோத்துக்கொண்டு அடுத்த திமிங்கிலத்துக்காகக் காத்து நின்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி எல்லாம் சரி என்றே நினைத்தேன்.

மத்தியானம் மணி அடிக்க இவரே முன்னால் நடந்தார். கை கழுவி, வேட்டியைச் சரிபண்ணி, நாலாவது கதிரையில் இருந்தார். சோறு வந்தது. இவர் அதைத் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னார்.

"நானும் நல்லா யோசிச்சுப் பாத்திட்டன். பிள்ளையளின்ரை விருப்பம்தானே பெரிசு. எங்களுக்குச் சம்மதம்."

நான் பெண்ணின் தாயைப் பார்த்தேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருசனைப் பார்த்தாள். அவர் தண்ணீர்க் கிளாசைப் பார்த்தார்.

"அண்ணை," என்றாள், "நாங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."

இவருக்கு விளங்கவில்லை. "என்ன?"

"உங்களுக்குச் சம்மதமெண்டு சொல்லுறியள். எங்களுக்குச் சம்மதமோ எண்டு நீங்கள் கேக்கேல்லை."

"இப்ப ஏன் உதெல்லாம்" என்று புருசன் மெல்லச் சொன்னார்.

"இப்ப கேக்காமல் எப்ப கேக்கிறது?" குரல் உயரவில்லை. "முதல் நாள் வயித்துக்குச் சரியில்லை எண்டு அக்கா சொன்னவா. பிறகு விரதமெண்டு சொன்னவா. நெடுந்தீவிலை நீங்கள் கடையடியிலை நிண்டு வடை சாப்பிட்டதை நாங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டுதான் நிண்டனாங்கள். கடையிலை ஆர் சுட்டதெண்டு தெரியாமல் சாப்பிட ஏலும். எங்களோடை ஒரு மேசையிலை இருக்க ஏலாது. நாளைக்கு என்ரை பிள்ளை உங்கடை வீட்டிலை சோறு காய்ச்சினால் நீங்கள் சாப்பிடுவியளோ, இல்லாட்டி அண்டைக்கும் விரதமோ?"

"தங்கச்சி, நேற்று உங்கடை கையாலை கஞ்சி குடிச்சனான்தானே."

"நோயிலை விழுந்தவன் ஆரின்ரை கையாலையும் குடிப்பான், அண்ணை."

எழும்பிப் போக முடியாது, கப்பலில் எங்கே போவது? நாலு பேரும் சாப்பிட்டோம். இவர் குனிந்த தலை நிமிராமல் கோப்பையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். மூன்று நாளாக ஒளித்துத் திரிந்த சாப்பாடு கடைசியில் இப்படி இறங்கியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தை மாதம் தொடங்கி எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி, இவர் ஓம் என்று சொல்லுவாரா மாட்டாரா என்பதுதான். நானும் அதைத்தான் நேர்ந்து கும்பிட்டேன். பருத்தித்துறையில் ஒரு வீட்டில் ஒரு தாய் இருந்து, என் பிள்ளையை இவர்களிடம் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள் என்பது எங்கள் இருவருக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை. அவர்களுடைய ஓம் ஏற்கெனவே எங்கள் மடியில் கிடக்கிறது என்றுதான் இருந்தோம்.

அறைக்குள் வந்ததும் இவர் கட்டிலில் இருந்து வட்ட யன்னலைப் பார்த்தார்.

"நான் உந்த எண்ணத்திலை செய்யேல்லை. கை நனைக்கிற கதைக்காகத்தான் விட்டனான்."

"ஓம்."

"அது உமக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். அவைக்கு எப்பிடித் தெரியும்?"

பிறகு, "எங்கடை ஐயா உயிரோடை இருக்கேக்கை வீட்டிலை வெளியாக்களுக்கெண்டு ஒரு மூக்குப்பேணி இருந்தது" என்றார். எனக்குத் தெரியும். வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு மூக்கு வைத்த பித்தளைப் பேணி. நான் கலியாணம் கட்டி வந்தபோது அது இருந்தது, இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது இல்லை. பேணிதான் போனது. வேறு ஏதும் போனதா என்று நாங்கள் பார்த்ததே இல்லை. "அவ கேட்டது சரிதான்" என்றார் இவர். முப்பத்தெட்டு வருசக் கலியாணத்தில் இன்னொருவர் சொன்னது சரி என்று இந்த மனிசன் சொன்னதை நான் கேட்டது குறைவு. எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அன்று இரவும் அடுத்த நாள் காலமையும் இவர் அந்த மேசைக்குப் போனார். கப்பலில் சுட்ட பாணைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைத்தார். சம்மதத்தைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. அவர்களும் எடுக்கவில்லை. மகன் தொலைபேசியில் "என்னம்மா நிலவரம்?" என்று குறுஞ்செய்தி அனுப்பினான். "பாப்பம்" என்று போட்டேன். வேறு என்ன போடுவது?

வியாழக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் காங்கேசன்துறைக்குள் திரும்பியது. எல்லாரும் பெட்டிகளோடு மேல்தட்டில் நின்றார்கள். வெள்ளைக்காரர் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். பெண்ணின் தாயும் தகப்பனும் ஏணிக்குப் பக்கத்தில் நின்றார்கள். இவர் என் கையில் பையைத் தந்துவிட்டு நேராக அவர்களிடம் போனார். நானும் பின்னால் போனேன். கோயில் கூட்டக் குரல் இந்த முறை இல்லை.

"தங்கச்சி, நானும் இவவும் நாளைக்கு மத்தியானம் உங்கடை வீட்டை சாப்பிட வரலாமோ? நீங்கள் ஓமெண்டால்தான் வாறம்."

அவள் இவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். கீழே கயிறு எறிகிறார்கள், யாரோ சத்தம் போடுகிறார்கள், இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நாளைக்கு வெள்ளி," என்றாள். "வெள்ளிக்கிழமையிலை எங்கடை வீட்டிலை மீன் மச்சம் காய்ச்சிறேல்லை. சனிக்கிழமை வாங்கோ."

இவர் வாயைத் திறக்க முன்னம் நான்தான் ஓம் என்று சொன்னேன்.